4.20 நின்றது

முதல் கடிதம் லிஃப்ட் கதவில் ஒட்டியிருந்தது.
பெயர் இல்லை. ஆனால் எட்டு மாடிக்கும் தெரியும்,
நாய் வைத்திருப்பவன் நான் ஒருவன்தான்.
கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
டிராலிபஸ் ஓட்டப் போனேன்.
டிசம்பர் வில்னியஸில் நான்கு மணிக்கே இருட்டிவிடும்.
நான் திரும்பும் ஒவ்வொரு வளைவிலும்
அந்தக் காகிதம் நெஞ்சில் நொறுநொறுத்தது.

இரண்டாவது கதவிடுக்கில்.
மூன்றாவது நகராட்சியிலிருந்து, முத்திரையோடு.
புகார்தாரர் ஆறு வாரக் குறிப்பேடு இணைத்திருக்கிறாராம்.
பதினைந்து நாளில் விளக்கம் தர வேண்டுமாம்.

கட்டம் போட்ட பள்ளிக்கூடத் தாள். ஊதா மை.
கணக்கெழுதி ஓய்வுபெற்ற கை:

திங்கள். 1.50 கதவு பூட்டும் சத்தம். 1.52 ஊளை.
2.30 ஓய்வு. 2.41 மறுபடி, இம்முறை மூன்று மூன்றாக.
செவ்வாய். அதே. நடுவில் ஒரு தும்மல் (நாயுடையது).
வியாழன். ஆம்புலன்ஸ் போனது. கூடவே பாடியது.
சனி. காலையிலிருந்து மௌனம். ஏன்?

அந்த ஏன்-ஐ மூன்று தரம் படித்தேன்.
சனிக்கிழமை எனக்கு விடுமுறை அம்மா, அதனால்தான்.

க்மீனஸ் என்று பெயர். சீமைச்சீரகம் என்று அர்த்தம்.
கறுப்பு ரொட்டியில் தூவியதுபோல் மூக்கெல்லாம் புள்ளி.
ஐந்து வருடமாய் என் கால்மாட்டில் தூங்குகிறான்.
நான் இல்லாத வீட்டில் அவன் யார் என்று
எனக்குத் தெரியாது.
அவளுக்குத் தெரிந்திருந்தது, பதினெட்டுப் பக்கத்துக்கு.

ரேடியோவைப் பாடவிட்டுப் போய்ப் பார்த்தேன்.
ரேடியோவையும் குரைத்தான்.
மாட்டெலும்பு இருபது நிமிடம் தாங்கியது.
விளக்கக் கடிதம்
மதிப்புக்குரிய ஐயா-வுக்கு மேல் நகரவில்லை.

அப்புறம்தான் கவனித்தேன்.
வேலைநாள் எல்லாம் ஒரே வரியில் முடிந்திருந்தது:
4.20 நின்றது.
எதனால் நின்றது என்று எழுதவில்லை,
தும்மலைக்கூட விடாதவள்.

ஒரு மாடி இறங்கி மணி அடித்தேன்.
லியொகாதியா சங்கிலியின் நீளத்துக்குக் கதவைத் திறந்தாள்.
நான்கு இருபதுக்கு என்ன நடக்கிறது?
அடிப்பேன், என்றாள்.
நாயையா?
குழாயை.

இந்தக் கட்டடத்தில் வெந்நீர்க் குழாய் ஒன்றுதான்.
அடியிலிருந்து எட்டாம் மாடிவரை எல்லார் வீட்டுச் சுவரோரமும் போகிறது.
யார் எங்கே தட்டினாலும் அத்தனை பேருக்கும் திட்டு.
மதியத் தூக்கம் கெட்டு எழுந்து
தேநீருக்குத் தண்ணீர் வைக்கும்போது ஆத்திரம் வருமாம்.
கையில் அகப்பட்ட கரண்டியால் மூன்று அடி.
உடனே வாயை மூடும், என்றாள். பயந்த நாய்.

சனிக்கிழமை நான்கு இருபதுக்கு
க்மீனஸ் எழுந்தான். ஹீட்டர் முன்னால் போய்
வாலை விரித்து உட்கார்ந்தான்.
குழாய் பேசவில்லை.
காதை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தான்.
பிறகு என்னைப் பார்த்தான்.
நானே ஒரு கரண்டி எடுத்து மூன்று அடி அடித்தேன்.
வேறு எண் போட்ட பஸ் வந்துவிட்டதுபோல்
முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பயமாவது.
புகாரை அவன் பதிலென்று எடுத்துக்கொண்டிருந்தான்.

மறுபடி இறங்கினேன். இந்தத் தடவை சங்கிலி இல்லை.
நான்கு இருபதுக்கு வேண்டாம்,
கதவு பூட்டும் சத்தம் கேட்டதுமே தட்டுங்கள், என்றேன்.
என்னைத் தொல்லை செய்கிற நாய்க்கு
நானே வேலை பார்க்கவா, என்றாள்.
வெள்ளிதோறும் புகைபோட்ட மீன் என்று முடிந்தது.
தலையோடு.

ஒன்பது நாள் அமைதி.
பத்தாம் நாள் இரவு லியொகாதியா என் வாசலில்,
செருப்புகூட மாற்றாமல், கையில் ஒரு தாள்.
லிஃப்டில் ஒட்டியிருந்ததாம், மூன்றாம் மாடிக்காரர்:
குழாயைத் தட்டுபவரின் மேலான கவனத்துக்கு.

எழுபத்தொரு வயதில் என் மேல் புகார்!
இதற்கெல்லாம் எப்படிப் பதில் எழுதுகிறீர்கள்?

எனக்குத் தெரியாது, என்றேன்.
நான் இன்னும் உங்களுடையதற்கே எழுதவில்லை.

க்மீனஸ் அவள் செருப்பை மோந்தான்.
வாலில் மூன்று அடி, கதவில் பட்டது.
கீழே யாரோ எதையோ தட்டினார்கள்.

இப்போது மரக்கரண்டி.
க்மீனஸுக்குக் கேட்கிறது.
மூன்றாம் மாடிக்கு, இன்றுவரை, இல்லை.